சின்னவளின் ஐந்தாவது வரி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தோதான ஆளும் கிடையாது. வீட்டில் நான் கீழ்த்தளம், அவள் மேல்தளம். வேலையில் இருவருக்கும் ஒரே வானிலை அலுவலகம். ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு இதைவிட வசதி வேறு யாருக்குக் கிடைக்கும்?

வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதுதான். அதனால் நான் பெரியவள் ஆனேன். பெரியவளுக்கு வந்து சேர்ந்தது வேலை. சின்னவளுக்கு வந்தது பாராட்டு. அவள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால், "எவ்வளவு ஜில்லுனு கொண்டாந்திருக்கா பாரு" என்பார் மாமியார். அதே ஃபிரிட்ஜிலிருந்து பதினெட்டு வருஷமாக நானும்தான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன்.

அலுவலகத்தில் அவள் பதினோரு வருஷம் தொலைபேசி விசாரணையில் இருந்தாள். தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் கூப்பிடுவார்கள். கை எழுதிக்கொண்டிருக்கும்; ரிசீவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் மாட்டியிருக்கும். அப்படியே பழகி, இன்றும் அவளுடைய இடது தோள் கொஞ்சம் தூக்கினாற்போல்தான் இருக்கும். யார் எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியைத் தன் வார்த்தையில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வாள். "நாளைக்குத் துணி காயுமான்னு கேக்கறீங்க, சரியா?" என்பாள். வீட்டிலும் அதே கதைதான். "உப்பு இருக்கா?" என்று கேட்டால், "தூள் உப்பா கல் உப்பான்னு கேக்கறீங்களாக்கா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் இரண்டாம் தளத்தில் ஆவணப் பிரிவு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மழை, வெயில், காற்று எல்லாம் முதலில் காகிதப் பதிவேட்டில் இருந்தன. அவற்றைக் கணினிக்கு ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. எந்த ஊர் மழைமானிக்கு எந்த எண் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை ஒரு மனுஷன் வாய்விட்டுப் பாராட்டியது கிடையாது. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தரவுத்தளத்துக்கு ஓர் ஏஐ ஏஜெண்டைக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து யாரும் சாதாரணமாகக் கேள்வி கேட்கலாம். அதுவே தரவுத்தளத்துக்குள் போய்த் தேடி எடுத்துவந்து பதில் சொல்லும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை மரியாதையாகப் பேசுவார். எத்தனை தடவை கேட்டாலும் சளைக்க மாட்டார். ஆனால் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். கைக்கு எட்டியதை எடுத்துவந்து, இதுதான் நீங்கள் கேட்டது என்று முழு நம்பிக்கையோடு நீட்டுவார்.

அவருக்காக முப்பத்தெட்டுக் கருவிகள் செய்து வைத்திருந்தார்கள்; கருவி என்றால் கேட்ட தரவை எடுத்துவரும் சின்ன கணினி நிரல். நாள் மழைக்கு ஒன்று, மாத மழைக்கு ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று முப்பத்தெட்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இது எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, என்ன கொடுத்தால் என்ன வரும் என்று. மாப்பிள்ளை அந்தக் குறிப்பைப் படித்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுப்பார். குறிப்பில் இல்லாதது அவருக்கு உலகத்திலேயே இல்லை.

குறிப்பு எழுதும் வேலை முதலில் என்னிடம்தான் வந்தது. வேறு யாரிடம் போகும்? நானும் என் தகுதிக்கு ஏற்றபடி எழுதினேன். நாள் மழைக் கருவிக்கு, "நிலையவாரியான நாளாந்த மழைப்பொழிவுத் தரவுத் தொகுப்பினை மீட்டளிக்கும் வசதி" என்று எழுதினேன். படித்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். முப்பத்தெட்டுக்கும் அதே கம்பீரம்.

எங்கள் பிரிவுத் தலைவருக்குச் சதவீதம் என்று பெயர். எதையும் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்காமல் அவருக்குக் காலை டீ இறங்காது. அவர் நூறு கேள்விகள் தயார்செய்து மாப்பிள்ளையிடம் போட்டுப் பார்த்தார். நாற்பத்தொன்றுக்குத்தான் சரியான கருவியை எடுத்தார் மாப்பிள்ளை. ஒரு வாரத்து மழையைக் கேட்டால் முப்பது வருஷச் சராசரியைக் கொண்டுவந்து கொட்டினார். வெயில் எவ்வளவு என்றால் சூரியன் எத்தனை மணி நேரம் தெரிந்தது என்று சொன்னார்.

"ஏஜெண்டுக்குப் புரிஞ்சுக்கற சக்தி பத்தலை சார்" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சதவீதம் என்னைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணும்மா" என்றார். அடுத்த வாரம் படிக்கட்டுக்கு அடியிலிருந்து சின்னவளை இரண்டாம் தளத்துக்கு மாற்றினார்கள். "ஜனங்க எப்படிக் கேப்பாங்கன்னு இவங்களுக்குத் தெரியும்" என்று காரணமும் சொன்னார்கள். என் மேஜைக்கு எதிர் மேஜை. வீட்டில் தலைக்கு மேலே, ஆபீசில் கண்ணுக்கு முன்னாலே.

அவள் எழுதிய முதல் குறிப்பு எனக்கு இன்னும் வரிக்கு வரி மனப்பாடம். பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்.

"ஓர் ஊரில் ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால் இதை எடு. மாதக் கணக்கோ வருஷக் கணக்கோ கேட்டால் இதை எடுக்காதே. மாத மழைக் கருவி தனியாக இருக்கிறது. ஊர்ப்பெயரைக் கொடுத்தால் வேலை செய்யாது; முதலில் நிலைய எண்ணைத் தேடும் கருவியில் எண்ணை வாங்கிக்கொண்டு வா. பதில் காலியாக வந்தால் மழை இல்லை என்று சொல்லிவிடாதே. அன்று யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்."

இதில் என்ன இருக்கிறது? புதிதாக வந்த வேலையாளுக்குச் சமையலறையைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி இருந்தது. இதையா ஆபீஸ் கோப்பில் வைப்பது என்று நினைத்தேன். சதவீதம் அதே நூறு கேள்விகளை மறுபடி போட்டார். தொண்ணூற்று மூன்று.

முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது. எனக்குக் காதிலிருந்து புகை வராத குறை. சதவீதம் அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வாரம் தாகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டதா? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமியார் வாசலிலேயே, "சின்னவளுக்கு ஆபீஸ்ல தொண்ணூத்தி மூணு மார்க்காமே!" என்றார். எனக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்றும் எரிந்தது, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் எரிந்தது.

குறிப்புகளை அவள் எழுதட்டும், சீனியர் என்ற முறையில் நான் சரிபார்த்து ஏற்றட்டும் என்று ஏற்பாடு. எனக்கு ஆறுதலுக்குப் போட்ட எலும்புத்துண்டு அது என்று தெரியும். ஆனாலும் கவ்விக்கொண்டேன். கவர் பின்னால் எழுதிப் பார்த்ததை அவள் கணினி வழியாக அனுப்புவாள்; நான் படித்து, திருத்தி, நேரே தரவுத்தளத்தில் ஏற்றிவிடுவேன். ஏற்றியபின் அவள் அனுப்பியது அவள் கணினியில் நிற்காது. ஏற்றியதை அவள் திரும்பப் பார்ப்பதில்லை. "அக்கா பாத்தா நான் பாத்த மாதிரி" என்பாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பெருந்தன்மையைக் காட்டி ஆளைக் கீழே உட்கார வைப்பதில் அவள் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

ஒருநாள் நாள் மழைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். ஐந்தாவது வரி.

"தேதியைக் கவனி. மழைமானியைத் தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுவார்கள். அதில் இருப்பது முந்தைய நாள் காலை எட்டிலிருந்து பெய்த மழை. ஆகவே ஒரு நாள் சாயங்காலம் மழை பெய்ததா என்று கேட்டால் மறுநாள் தேதியை எடுத்துப் பார்."

படித்தவுடன் எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் அது தப்பு என்பதல்ல. அது சரி. இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆபீசில் கதவு திறக்கிறவருக்குக்கூடத் தெரிந்தது. அவளுக்கே வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "நேத்துப் பெஞ்ச மழையை இன்னைக்குத் தேதியில சொல்றீங்களே" என்று யாரோ போனில் சண்டை போட்டார் என்று அழாத குறையாக மேலே ஓடிவந்தாள். நான்தான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். நான் கொடுத்த பாடத்தை எனக்கே திருத்தக் கொடுக்கிறாள். அது ஏன் எனக்கு எழுதத் தோன்றவில்லை? எல்லோருக்கும் தெரிந்ததை யாராவது எழுதுவார்களா?

வெட்டினேன். எனக்கே உறுத்தக்கூடாது என்று, குறிப்பு நாலு வரிக்கு மேல் போகக்கூடாது என்று நானே மனதுக்குள் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். எதையாவது நீக்கினால் காரணம் எழுதும் ஒரு கட்டம் வரும். அதில், "எல்லோருக்கும் தெரிந்தது. தேவையில்லை" என்று தட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த சோதனையில் சதவீதம் அதே நூறு கேள்விகளைப் போட்டார். அதே தொண்ணூற்று மூன்று. பார்த்தாயா, உன் வரி இல்லாமலே உலகம் நடக்கிறது என்று எதிர்மேஜையைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நூறு கேள்வியில் சாயங்கால மழையைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

நாலைந்து மாதம் போயிற்று. ஆற்று நீர், கடல் மட்டம் என்று மற்றத் துறைகளின் தரவுகளுக்கும் இப்படிக் குறிப்பு எழுத ஒரு பிரிவு வரப்போகிறது, அதற்கு ஒரு தலைவர் வேண்டும் என்று பேச்சு வந்தது. தனி அறை, ஜன்னலோடு. யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. அதனால்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை அந்த பஸ் ஓட்டுநர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சீருடை போடவில்லை, அதை மடித்து ஒரு பையில் வைத்துக் கையில் பிடித்திருந்தார். கீழே விசாரணைப் பிரிவில் பதில் கிடைக்காமல் அவரை மேலே அனுப்பியிருந்தார்கள்.

"மழையே பெய்யலைன்னு உங்க ஆபீஸ்ல இருந்து எழுதிக் குடுத்திருக்காங்கம்மா" என்றார். "நான் நனைஞ்சேனே."

இரண்டு மாதத்துக்கு முன், பதினொன்றாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்குப் பாலத்து இறக்கத்தில் அவருடைய பஸ் வழுக்கித் தடுப்பில் மோதியிருக்கிறது. ஒரு பயணிக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. திடீர் மழை, ரோடு வழுக்கியது என்று இவர் சொல்கிறார். வேகமாக ஓட்டினார் என்று நிர்வாகம் சொல்கிறது. சாட்சிக்கு வந்த ஒரே பயணி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவர். விசாரணை அதிகாரி எங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்: பதினொன்றாம் தேதி சாயங்காலம் அந்தப் பாலத்துப் பக்கம் மழை உண்டா? மாப்பிள்ளை மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார்: இல்லை. அன்று மழை பூஜ்யம். மறுநாள் நாற்பத்தாறு மில்லிமீட்டர்.

"இருபத்தாறு வருஷமா ஓட்டறேன். வேகமா ஓட்டினேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். பொய் சொல்றேன்னு எழுதிட்டாங்கம்மா. வியாழக்கிழமை கடைசி விசாரணை. அதோட வேலை போயிடும்." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. நான் வெட்டிய வரி. எதிர்மேஜையில் சின்னவள் எழுந்தாள். வழக்கம்போல, "பதினொண்ணாம் தேதி சாயங்காலம் பெஞ்ச மழையைக் கேக்கறீங்க, சரியா?" என்று திருப்பிக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கணினியில் நாள் மழைக் குறிப்பைத் திறந்தாள். நாலு வரி. அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன்.

"நான் எழுதினேன்னுல்ல நெனச்சேன்" என்று முணுமுணுத்தாள். பிறகு ஓட்டுநரைப் பார்த்து, "உங்க மேல தப்பில்லைங்க. தப்பு எங்க பக்கம். உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்த இடத்திலேயே கடிதம் எழுதினாள். பன்னிரண்டாம் தேதி என்று பதிவாகியிருக்கும் மழை பதினொன்றாம் தேதி காலை எட்டு மணிக்குப் பிறகு பெய்தது. அன்று சாயங்காலம் ஆறரைக்கு மேல் அடித்துப் பெய்ததற்கு அங்கே தானாக மழை பதியும் இயந்திரத்தின் தாள் சாட்சி. ஏஜெண்ட் தவறாகச் சொன்னதற்குக் காரணம், கருவிக் குறிப்பில் தான் ஒரு வரியை எழுதாமல் விட்டது என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். கீழே கையெழுத்து. பதிவுத் தாளையும் தேடி எடுத்து இணைத்து, சதவீதத்திடம் முத்திரை வாங்கி, ஓட்டுநர் கையில் கொடுத்து அனுப்பினாள். பிறகு அந்த வரியை மறுபடி எழுதி எனக்கு அனுப்பினாள். இந்தத் தடவை அப்படியே ஏற்றினேன்.

சதவீதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரிய இடத்துக்குப் போயிருச்சும்மா விஷயம். இந்த நிலைமையில அவங்களைப் புதுப் பிரிவுக்குத் தலைவராப் போட்டா நல்லா இருக்காது. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றேன்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன். சின்னவள் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அக்கா, அந்த வரியை நான் எழுதி உங்களுக்கு அனுப்பினேனா இல்லையா? நீங்கதானே சரிபாத்தீங்க. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"எதுக்கு இப்ப அது?"

"கவர் பின்னால எழுதினது கண்ணு முன்னால தெரியுதுக்கா. ஆனா கவரைக் காணோம், கம்ப்யூட்டர்லயும் காணோம். எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கேஸை அணைச்சிட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க, அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். அப்ப அவங்களுக்கு என் வயசு."

அவள் அம்மா கடைசி நாலு வருஷம் இவளையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவர். எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். அவள் போர்வையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். துணியை வாரிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது. ஜன்னல் வைத்த அறையை நினைத்தால் கொஞ்சம் அடங்கியது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

வியாழக்கிழமை விசாரணையில் ஓட்டுநர் ஜெயித்தார். வெள்ளிக்கிழமை சீருடையோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். நேரே சின்னவளின் மேஜைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கேன். தப்பு என்னோடதுன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதாம்மா" என்றார். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் போகும்போது என் மேஜையைத் தாண்டித்தான் போனார்.

அடுத்த திங்கட்கிழமை பிரிவுக் கூட்டம். போக்குவரத்து நிர்வாகத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. சதவீதம் அதை நின்றுகொண்டு படித்தார். தவறை மறைக்காமல் தன் பெயரிலேயே ஒப்புக்கொண்ட அலுவலரின் நேர்மை என்று அதில் ஒரு வாக்கியம். மேலதிகாரியும் படித்துவிட்டாராம். "இப்படிப்பட்டவங்கதான் புதுப் பிரிவுக்குத் தலைமையா வரணும்னு மேல சொல்லிட்டாங்க. தப்பு நூத்துக்கு நூறு பேர் பண்றோம். ஒத்துக்கறவங்க நூத்துக்கு ஒண்ணு" என்றார் சதவீதம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வயிறு பற்றி எரிந்தது. நான் எழுதினால் நாற்பத்தொன்று, அவள் எழுதினால் தொண்ணூற்று மூன்று; அதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் கொடுக்கும் தண்ணீர் ஜில்லென்று இருந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது என் தப்பை எடுத்துக்கொண்டு அதிலும் பெயர் வாங்கிவிட்டாளே! அது என்னுடைய தப்பு. நான் செய்தது. அவளுக்கு அதில் என்ன உரிமை? ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மனசாட்சி உறுத்தி எழுந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதில்லை. பொறாமை தாங்காமல் எழுந்தேன்.

"அந்தத் தப்பு அவளோடது இல்ல சார். என்னோடது" என்றேன்.

கைதட்டல் நின்றது. சதவீதம் சிரித்தார். "உங்க குடும்பப் பாசம் எனக்குத் தெரியும்மா. அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே. நீங்க எதுக்குப் பழியை ஏத்துக்கறீங்க?"

"பாசமெல்லாம் இல்ல சார். அவ எழுதி அனுப்பினா. நான்தான் வெட்டினேன்."

"மூத்தவங்கன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றாள் பக்கத்தில் இருந்த தட்டச்சுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

என் தப்பை என்னிடம் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய கதி எனக்கு. கோபத்தில் கூட்ட அறையின் கணினிக்குப் போய், நாள் மழைக் குறிப்பின் மாற்றப் பட்டியலைத் திறந்து, சுவரில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டேன். அந்தப் பட்டியல் சரிபார்ப்பவருக்கு மட்டும்தான் திறக்கும், சின்னவளுக்குத் திறக்காது. மேலே தேதி, மணி. என் பெயரின் முதலெழுத்துகள். சின்னவள் எழுதிய ஐந்தாவது வரி முழுசாக, அதன் மேல் சிவப்புக் கோடு. காரணம்: எல்லோருக்கும் தெரிந்தது. தேவையில்லை.

தட்டச்சுக்காரி கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள். சின்னவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் அதைப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு தன் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாடிப்படித் திருப்பத்தில் அவளைப் பிடித்தேன். என்ன சொல்வதற்காக ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வரியை வெட்டினது ஆபீஸ் விஷயம்க்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சரிபாக்கறவங்க வெட்டலாம். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. மாடியில வெச்சு உங்களைக் கேட்டேனே."

அவள் ஒரு படி இறங்கித் திரும்பினாள்.

"சனிக்கிழமை டாக்டர்கிட்ட போனேன். உங்க கொழுந்தன்கிட்டகூடச் சொல்லலை, தனியாத்தான் போனேன். நூத்துல இருந்து ஏழேழா கழிச்சிக்கிட்டே வரச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். அஞ்சு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சு என்னென்னன்னு கேட்டார். எல்லாம் சரியாச் சொன்னேன். சரியாச் சொன்னதும்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியாச்சு. எல்லாம் சரியா இருக்குன்னா, அந்த வரி எங்க போச்சுன்னு வீடு வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன்."

அவள் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள்.

புதுப் பிரிவு அவளுக்குத்தான் வந்தது. ஜன்னல் பக்கத்தில் உட்காருகிறாள். நான் எழுதும் குறிப்புகள் இப்போது அவளிடம் சரிபார்க்கப் போகின்றன. போன வேகத்தில் திரும்பி வருகின்றன. ஒரு சொல்லைக்கூட அவள் வெட்டுவதில்லை. வீட்டிலும் முகம் கோணாமல் பேசுகிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள். ஆனால் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மட்டும் வாயால் கேட்பதில்லை. மேலே இருந்துகொண்டு, கீழே இருக்கும் எனக்கு மெசேஜ் அனுப்புகிறாள். மாமியார் தூங்கிவிட்டாரா, தண்ணீர் மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று. நான் பதிலை எழுத்தில் கொடுத்த பிறகுதான் கீழே இறங்கி வருகிறாள்.